கண்டறியாத ஐம்பது மீற்றர்

மஞ்சள் நைலோன் கயிறு ஒன்று அண்ணையின் வான் வண்டிக்குள் எப்போதும் கிடக்கும். ஒரு முனையில் கூடாரத்துக்கு அடிக்கிற இரும்பு முளை, மறு முனையில் சிவப்புத் துணியால் ஒரு முடிச்சு. முளைக்கும் முடிச்சுக்கும் இடையில் சரியாக ஐம்பது மீற்றர் என்று அண்ணை சொல்வார். எலி மருந்துப் பெட்டிகளும் கரப்பான் பசையும் எப்படிச் சிதறிக் கிடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. அந்தக் கயிற்றை மட்டும் சுருள் கலையாமல் தனியாக ஒரு வாளியில் வைத்திருப்பார். மொன்றியலுக்கு வெளியே, ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிபெக் விவசாயியின் முட்டைக்கோவா வயலோரத்தில், குளிர் விட்டும் விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணை அந்த முளையைக் காலால் மிதித்து இறக்கிவிட்டு, கயிற்றை இழுத்தபடி நெஞ்சை நிமிர்த்தி நடந்த நடை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஏதோ நாட்டுக்கு எல்லை போடப் புறப்பட்டவர் போன்ற நடை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் என் முதலாளி. பெயர் சொல்லி அழைப்பது அவருக்குப் பிடிக்காது. மொன்றியலில் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் அவர் அண்ணைதான், அவரைவிட வயது கூடியவர்களுக்கும். அவருடைய விசிற்றிங் கார்டில் பெரிய எழுத்தில் இயக்குநர் என்று இருக்கும். அவர் இயக்கியது என்னையும், இன்னொருவரையும், ஒரு பழைய வானையும். எலி, கரப்பான், மூட்டைப்பூச்சி, புறா: இவற்றை விரட்டுகிற கொம்பனி. ஞாயிறுகளில் எங்கள் பங்குக் கோவிலின் திருவிழாக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். பரிசுத்த ஆவிக்குப் புறாவைச் சின்னமாக வைத்திருக்கிற கோவிலில், புறா சுடுகிறவர் தலைவராக இருப்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. நான் மன்னார்க்காரன். தனியே வந்து சேர்ந்தவன். மனைவி ஊரில் இருந்தா. அவவைக் கூப்பிடுகிற விண்ணப்பத்தில் எல்லாத் தாள்களும் சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. நான் நிரந்தரமாக வேலை செய்கிறேன் என்று முதலாளி கையொப்பமிட்டுத் தருகிற கடிதம். ஒரு பக்கம்தான். நான்கு வரி எழுதினால் போதும். அதை அண்ணையிடம் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. கேட்கும்போதெல்லாம் "பேந்து தாறன்" என்பார். அந்தப் "பேந்து" எங்கே முடியும் என்று எனக்குத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது.

துவக்கு வந்தது அந்த வருடம்தான். சின்ன ஈயச் சன்னம் போட்டுச் சுடுகிற காற்றுத் துவக்கு. காற்றுத்தானே என்று லேசாக நினைக்கக் கூடாது, வேகம் கூடினது என்றால் இந்த நாட்டில் அதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். அண்ணை பரீட்சைக்குப் போனார். எழுத்துப் பரீட்சையிலேயே இரண்டு தரம் விழுந்தார். "உவங்கட கேள்வி பிழையப்பா" என்று சொல்லிவிட்டு என்னை அனுப்பினார். நான் முதல் தரமே எழுதிப் பத்திரம் எடுத்தேன். அதற்குப் பிறகு சட்டப்படி நிலைமை என்ன தெரியுமா? அண்ணை அந்தத் துவக்கைக் கையில் எடுப்பதானால் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். துவக்குப் பூட்டிய பெட்டியோடு லாசாலில் என் அறையில்தான் இருக்கும். வேறு விதமாகச் சொன்னால், அந்த விஷயத்தில் நான் அவருக்குப் பொறுப்பாளி. இந்தச் சட்டம் அண்ணைக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, துவக்கைத் தொட்டால் என்னை எடுபிடியாகவே நடத்துவார்.

இந்தத் துவக்கில் சீரோ பண்ணுவது என்று ஒரு வேலை உண்டு. குழாய்க்கு மேலே குறிபார்க்கிற ஸ்கோப் பூட்டியிருக்கும். கண் பார்க்கிற கோடு நேர்கோடு. சன்னம் போகிற வழி நேர்கோடு இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற குழாயை லேசாக உயர்த்திப் பிடித்தால் தண்ணீர் ஏறிப் போய்ப் பிறகு விழுகிறதே, அப்படித்தான் சன்னமும். கண்ணின் கோட்டுக்குக் கீழே புறப்பட்டு, அதைக் கடந்து மேலே ஏறி, பிறகு இறங்கிவந்து திரும்பவும் கோட்டைத் தொடும். அது இறங்கித் தொடுகிற தூரத்தை நாங்கள் ஸ்கோப்பின் குமிழைத் திருகித் தீர்மானிக்கலாம், அதுதான் சீரோ. எந்தத் தூரத்தில் வைப்பது என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நீ சுடப்போகிறது எங்கே இருக்கிறது என்று பார், அதற்கு ஏற்றபடி வை. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. அண்ணைக்கு மட்டும் அது ஐம்பது மீற்றர். "கிட்ட வைச்சுச் சுடுறது பொம்பிளையளின்ர வேலை" என்பார். நான் ஒருமுறை, "அண்ணை, கட்டிடத்துக்குள்ளை ஐம்பது மீற்றர் எங்கை வரப்போகுது?" என்று இழுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வயலின் தூரத்து வேலியைப் பார்த்தார். "தம்பி, அங்கை நிண்டவனுக்கு..." என்று தொடங்கி, நிறுத்தி, பெருமூச்சு விட்டு, "வேண்டாம். சில விஷயம் கதைக்கப்படாது" என்று முடித்தார்.

இதுதான் அவருடைய பெரிய துவக்கு. நாங்கள் சண்டைக்குள்ளால் வந்த சனம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஒரு மனிதன் அந்த நாட்களைப் பற்றித் தொடங்கிப் பாதியில் நிறுத்தினால், அடுத்த கேள்வி கேட்பதில்லை. கேட்டால் எந்தப் புண் திறக்குமோ என்ற பயம், மரியாதை, இரண்டும். நல்ல வழக்கம்தான். அதை அண்ணை கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அந்தளவுக்கு அவருக்குச் சூழ்ச்சி தெரியும். பாதியில் நிறுத்துவார், மிச்சத்தை நாங்களே நிரப்பிக்கொள்வோம். அவர் நிறுத்த நிறுத்த ஆள் பெரிதாகிக்கொண்டு போனார். என் ஒன்றுவிட்ட அண்ணன் ஜேர்மனியில் இருந்தவர். அவர் எனக்குச் சொல்லியிருந்தார்: சண்டை தொடங்குவதற்கு முதலே அண்ணை அங்கே வந்துவிட்டார், அந்த வருடங்கள் முழுக்க ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார் என்று. கோப்பை கழுவுவதில் என்ன இழிவு? நானும் கழுவியிருக்கிறேன். கழுவினேன் என்று சொல்லவும் கூச்சப்படவில்லை. கழுவின கையை வைத்துக்கொண்டு வேறு ஏதோ பிடித்த கைபோல் காட்டுவதுதான் இழிவு. அது தெரிந்தும் நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். கடிதம் வரவேண்டுமே.

அந்த வேனிலில் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. பருப்பும் அரிசியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற இடம். முகட்டு இரும்புகளில் புறாக்கள் குடியேறி, மூட்டைகளுக்கு மேல் எச்சம் போட்டுக்கொண்டிருந்தன. வலை கட்டுவதற்கு முதல் உள்ளே இருக்கிறவற்றைத் தீர்க்க வேண்டும். மேலாளர் ஒரு கிபெக் பெண்மணி, எங்களுக்கு மூன்று சனிக்கிழமை தந்தா, வேலையாட்கள் இல்லாத காலை நேரம். அண்ணை எனக்குச் சொன்னார்: "உந்தப் புறா வேலை முடியட்டும், அண்டைக்கே கடிதம் தாறன்." அப்படித்தான் என் மனைவியின் வருகை முகட்டில் இருந்த இருபத்தைந்து முப்பது புறாவோடு போய் மாட்டிக்கொண்டது.

முதல் சனி, அண்ணை ஐம்பதில் வைத்துத் தந்த துவக்கோடு நான் போனேன். பதினாலு தரம் சுட்டிருப்பேன். குறி புறாவின் நெஞ்சில் நிற்கும், சன்னம் முதுகுக்கு மேலால் போய்க் கூரைத் தகரத்தில் "டங்" என்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து இருக்கும். ஒன்று விழுந்தது. இன்னொன்று செட்டையில் பட்டு, சாகாமல், மூட்டைகளுக்கு இடையில் தத்திக்கொண்டு போனது. அதைத் தேடிப் பிடித்துக் கழுத்தைத் திருப்பினேன். சுட்டால் ஒரேயடியாகச் சாகவேண்டும். அதற்குத்தானே துவக்கு. அடுத்தநாள் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் அண்ணை நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார்: "என்ன செய்யிறது, பெடியனுக்குக் கை நடுங்குது." எனக்கு நாற்பத்திரண்டு வயது. கை நடுங்கவில்லை.

இரண்டாம் சனி அவரே சுடப் போனார். நான் பக்கத்தில் நின்றேன், சட்டத்துக்காக. தொப்பியைத் திருப்பிப் போட்டார். ஒரு முழங்காலில் இருந்தார். ஒரு கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பிடித்து, அவ்வளவு சோடனையும் செய்து சுட்டார். ஒரு புறாவும் விழவில்லை. மின்விளக்கின் மூடி ஒன்று உடைந்து அரிசி மூட்டைகளுக்கு மேல் கொட்டியது. மேலாளர் மேலே பார்த்தா, கீழே பார்த்தா, பிறகு பிரெஞ்சில் நிதானமாக ஏதோ சொன்னா. அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு "பொன்ஜூர்", "மெர்சி", "வீ" மூன்றும்தான். மூன்றையும் சொன்னார். அவ சொன்னது, அடுத்த சனியோடு முடிக்காவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்பது. வானில் ஏறினதும் அண்ணை தாடையைத் தடவிக்கொண்டு, "உது இங்கத்தைப் புறா. குளிருக்குப் பழகினது. அசைவு வித்தியாசம்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொஞ்சத் தூரம் போய், "உந்த வேலை போச்செண்டா பேந்து நான் எந்த வாயாலை நிரந்தர வேலை எண்டு எழுதுறது?" என்று எனக்குத்தான் சொன்னார். அவருடைய கோணல் குறிக்கு என் மனைவி மன்னாரில் காத்துக் கிடக்க வேண்டும்.

அன்றைக்கு மனைவியோடு போனில் கதைக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவ துவக்கைக் கையால் தொட்டதில்லை. பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் படிப்பிக்கிற ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இஞ்சாருங்கோ, புறா எவ்வளவு தூரத்திலை இருக்கும்?" என்றா.

"பன்னிரண்டு, பதினைஞ்சு... கூடினா முப்பது."

"அப்ப ஐம்பது மீற்றரிலை என்ன இருக்கு?"

யோசித்தேன். "ஒண்டுமில்லை. சுவருக்கு வெளியிலை கார் விடுற இடம்."

"அப்ப என்ன, கார் சுடப் போறியளோ? கண்டறியாத ஐம்பது மீற்றர்!" என்று நக்கலடித்துச் சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணையைச் சுற்றி இருந்த இத்தனை ஆம்பிளைகளும் கேட்காத, நானும் இழுத்துப் பாதியில் விட்ட கேள்வியை, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அடுப்படியில் நின்ற ஒரு மனிசி முழுதாகக் கேட்டா. அவவுக்கு அண்ணையின் பெருமூச்சுக் கேட்டதில்லை, அதுதான் காரணம்.

புதன்கிழமை சுகமில்லை என்று அண்ணைக்குச் சொல்லிவிட்டு, விவசாயியிடம் கேட்டு, தனியே அந்தக் கோவா வயலுக்குப் போனேன். கயிற்றை எடுக்கவில்லை. கடையில் வாங்கிய அளவுநாடாவால் அளந்து, பத்து மீற்றரிலிருந்து முப்பத்தைந்து வரை ஐந்து ஐந்தாக மட்டைகளை நிறுத்தினேன். ஒவ்வொரு மட்டையிலும் ஒரு சின்னப் புள்ளி. முதலில் அண்ணையின் ஐம்பதோடே சுட்டுப் பார்த்தேன். இருபத்தைந்திலும் முப்பதிலும் சன்னம் புள்ளிக்கு மேலே மூன்று விரல் அகலம் ஏறிக் கிடந்தது. புறாவின் முதுகுக்கு மேலால் போவதற்கு அதைவிட என்ன வேண்டும்? பிறகு குமிழைத் திருகி இருபத்தைந்தில் வைத்தேன். அவசரப்படவில்லை. மூன்று சுடுவேன், நடந்துபோய்ப் பார்ப்பேன், குமிழை இரண்டு சொடுக்குத் திருப்புவேன், திரும்ப மூன்று. மத்தியானம் தாண்டியது. கடைசியில், பத்து மீற்றரில் புள்ளிக்கு ஒரு விரல் கீழே, பதினைந்தில் மயிரிழை கீழே, இருபதில் மயிரிழை மேலே, இருபத்தைந்தில் புள்ளியிலேயே, முப்பதில் கிட்டத்தட்டப் புள்ளியில், முப்பத்தைந்தில் ஒரு விரல் கீழே. இவ்வளவுதான். எங்கே இருந்தாலும் நெஞ்சைப் பார்த்துச் சுட்டால் நெஞ்சில் படும். மட்டைகளைப் பொறுக்கி அடுக்கும்போது எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. அதை யாரிடமும் காட்ட முடியாது என்பது அப்போதே தெரியும். குமிழின் எண் போட்ட வளையத்தைக் கழற்றி, பழையபடி அதே எண் தெரிகிற மாதிரிப் பூட்டினேன். அண்ணை பார்த்தால் ஐம்பது என்றே நினைப்பார்.

மூன்றாம் சனி ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. சுட்டேன், விழுந்தது. சுட்டேன், விழுந்தது. தத்திக்கொண்டு போனது ஒன்றுமில்லை. அண்ணை கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று, ஒவ்வொரு புறா விழும்போதும், "பாத்தியோ, நான் சொன்னனான்" என்றார். என்ன சொன்னவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முடிந்ததும் ஸ்கோப்பைத் தட்டி, "ஐம்பது ஐம்பதுதான்ரா. வைச்சவன்ர கை அப்பிடி" என்றார். மேலாளர் வந்து முகட்டைப் பார்த்துவிட்டு எனக்குக் கை தந்தா. அண்ணை என் கைக்கும் அவவுடைய கைக்கும் நடுவில் தன் கையை நுழைத்தார்.

கடிதத்தை அவர் அன்றைக்கே தரவில்லை. அடுத்தநாள் கோவில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார், ஆட்கள் பார்க்க வேண்டுமே. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், பாதி வெளியே தெரிந்தது. ரோல்ஸும் தேத்தண்ணியுமாகச் சனம் கூடி நின்றது. அண்ணை நடுவில் நின்று களஞ்சியக் கதையை ஒரு போர்க்களக் கதையாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சென்னைப் பையன், கணினி வேலை பார்க்கிறவர், முப்பது வயதிருக்கும், அப்பாவியாக இடையில் புகுந்தார். "சார், ஒரு டவுட். ஐம்பது மீட்டர்ல சீரோ வெச்சா இருபது முப்பதுல மேல போகுமே? நான் ரேஞ்சுக்குப் போவேன், எங்களுக்கு அப்படித்தான் வரும்." அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது, பாவம், கேட்டுவிட்டார். அண்ணை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். சட்டைப் பையை ஒரு விரலால் தட்டினார், தற்செயலாகத் தட்டினமாதிரி.

"நீ சொல்லு. சுட்டது நீதானே. எத்தினையிலை வைச்சனாங்கள்?"

"ஐம்பதிலைதான், அண்ணை," என்றேன்.

"கேட்டுதோ?" என்றார் அண்ணை. சென்னைப் பையனின் முகம் சிவந்தது. "ஓ, சரிங்க சார். எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்கு போல" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையோடு சுவரோரமாக ஒதுங்கினார். அந்த மண்டபத்திலேயே சரியாகச் சொன்ன ஒரே மனிதன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கடிதம் என் கைக்கு வந்தது. நான்கு வரி. அதிலும் என் ஊர்ப் பெயர் பிழை.

மனைவி வந்து சேர இன்னும் இரண்டு மாரி எடுத்தது. அதற்குள் அண்ணை கொம்பனியை மூடிவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டார், நான் துறைமுகத்தில் கன்ரெயினர் இறக்குகிற வேலைக்குப் போய்விட்டேன். அவரிடம் எனக்கு வேண்டியது இனி ஒன்றுமில்லை. வந்தபின் முதல் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்று, மனைவி கேக் அடித்து, தகரப் பெட்டியில் போட்டு, "அவர் கடிதம் தராட்டி நான் இங்கை இல்லை. போய் நன்றி சொல்லோணும்" என்றா. பார்க்-எக்ஸ்ரென்சனில் அவருடைய வீட்டுக்குப் போனோம். அண்ணை கதிரையில் சாய்ந்துகொண்டு கேக்கைச் சாப்பிட்டபடி அவவுக்குக் கதை சொன்னார். "தங்கச்சி, உன்ர மனிசனுக்கு அப்ப கை நடுக்கம் கண்டியோ. நான்தான் ஐம்பது மீற்றரிலை வைச்சுப் பழக்கி எடுத்தனான். வேணுமெண்டா கேட்டுப்பார்." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டினதோடு விட்டேனா? "ஓம், அண்ணை இல்லாட்டி நான் எங்கை," என்றும் சொன்னேன்.

திரும்பி மெற்றோவில் வந்தோம். கடைசி ஸ்ரேசனில் இறங்கி லாசாலுக்கு பஸ் எடுத்தோம். வெறும் கேக் பெட்டி அவவுடைய மடியில் இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் அண்ணையைப் பற்றி வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தேன்: புளுகன், கோப்பை கழுவினவர், ஒரு புறாவுக்கு ஒழுங்காகக் குறி வைக்கத் தெரியாதவர், கண்டறியாத அண்ணை. அவ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா.

"இருபத்தைஞ்சிலைதானே வைச்சனீங்கள்?" என்றா கடைசியில்.

"ஓம்."

"அண்டைக்குக் கோவிலிலை ஐம்பது எண்டு சொன்னது எனக்காக எண்டு போனிலை சொன்னனீங்கள். நான் வரவேணும் எண்டதுக்காக."

"ஓம். வேறை என்னத்துக்கு?"

அவ கையுறையைக் கழற்றி மடியில் வைத்தா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டா.

"இப்பதான் நான் வந்திட்டனே. இண்டைக்கு ஏன் தலையாட்டினனீங்கள்?"

பஸ் எங்கள் தெருவுக்குத் திரும்பும்வரை கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. இறங்கவேண்டிய இடம் வந்ததும் மணியை அவதான் அடித்தா.